பின் சீட்டின் அளவு

சின்னமனூரில் முதுகு வலிக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் மூன்று பேர். ஒருவர் படித்த டாக்டர். ஒருவர் எண்ணெய் தேய்த்து நீவி விடுகிறவர். மூன்றாவது ஆள் பேச்சியம்மாள். அவள் யார் முதுகையும் தொடுவதில்லை. அவர்கள் ஓட்டி வந்த வண்டியைத்தான் தொடுவாள்.

பைக்கை எல்லோரும் கண்ணால் பார்த்து வாங்குகிறார்கள், அப்புறம் முதுகால் ஓட்டுகிறார்கள் என்பாள். அதனால் அவள் கடையில் கூட்டம் குறைந்ததே இல்லை. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுப்பாள். சீட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சை மாற்றுவாள். கால் வைக்கும் கம்பியைத் தள்ளி வைப்பாள். குனிந்துகொண்டு வந்த ஆள் நிமிர்ந்து திரும்பிப் போவான்.

அவளுக்கு வயது முப்பத்து நான்கு. அவளிடம் தொழில் கற்க வந்த சீடருக்கு ஐம்பத்தொன்பது. பெயர் ரத்தினவேல். பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே மிக்ஸி, மின்விசிறி, தையல் மெஷின் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட ஆரம்பித்தார். அடுத்து எதைக் கழற்றுவாரோ என்று பயந்துபோன மனைவிதான் அவரைப் பேச்சியின் கடைக்கு அனுப்பிவைத்தார்.

அவர் பேச்சியை 'வாத்தியாரம்மா' என்று கூப்பிடுவார். முதல் நாள் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"பேரச் சொல்லியே கூப்பிடுங்க சித்தப்பா."

"சொல்லிக் குடுக்குறவுக வாத்தியாரு. இதுல வயசு எங்கிட்டு வருது?"

அதற்குப் பிறகு அவள் மறுக்கவில்லை.

ரத்தினவேல் அளவில் கறாரான மனிதர். ஒரு நட்டு தளர்ந்தால் பஸ் நிறைய ஜனம் போய்ச் சேரும் என்று பழகிய கை. சட்டைப் பையில் டேப் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. ரசமட்டம் வைத்து மட்டம் பார்க்காமல் ஒரு சீட்டையும் மாட்ட மாட்டார். பேச்சி கண்ணால் பார்த்துச் சொன்னதை அவர் டேப்பால் அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் தலையை ஆட்டிக்கொள்வார். பேச்சிக்கு இதில் கோபமே வந்ததில்லை, சிரிப்புத்தான் வரும்.

ஒரு நாள் சிவனாண்டி என்பவர் வந்தார். வாழைத் தோட்டத்தில் வேலை. பழைய பைக். பின்னால் அவர் மனைவி வேலுத்தாய் உட்கார்ந்திருந்தார்.

"இவளுக்கு ரெண்டு கிட்னியும் போச்சுங்க. செவ்வாய், வெள்ளி தேனி ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். இந்தச் சீட்டு கட்டை மாதிரி இருக்கு. அவ சொகமா ஒக்காந்து வர்ற மாதிரி செஞ்சு குடுக்கணும்."

பேச்சி ஸ்பாஞ்சு வாங்க மதுரைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, இத நீங்களே பாத்துருங்க" என்றாள்.

அவர் தனியாகச் செய்யப்போகும் முதல் வேலை அது. ரத்தினவேல் வேலுத்தாயை வண்டியில் உட்கார வைத்தார். சேலை கட்டிய பெண்கள் உட்காருகிறபடியே இடது பக்கம் இரண்டு காலையும் போட்டு அவர் உட்கார்ந்தார். வலது கை முன்னால் இருக்கும் கணவன் தோளில். இடது கை பின்னால் இருக்கும் கம்பியில். ரத்தினவேல் கால் உயரம், இடுப்பு அகலம், கை நீளம் எல்லாம் அளந்தார்.

பார்த்துப் பார்த்துச் செய்தார். சீட்டை அகலமாக்கினார். கால் வைக்கப் பலகை போட்டார். கம்பி கையை உறுத்தும் என்று, இடது கை சரியாகப் போய் விழும் இடத்தில் புதுப் பிடி ஒன்று வைத்து, அதற்கு ரப்பர் சுற்றினார். மறுநாள் காலையில் வேலுத்தாய் உட்கார்ந்து பார்த்தார்.

"கட்டில்ல ஒக்காந்த மாதிரி இருக்குங்கய்யா" என்றார்.

ஊரிலிருந்து திரும்பிய பேச்சியும் வண்டியில் ஒரு பக்கமாக உட்கார்ந்து பார்த்தாள். பிடியைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள்.

"நல்லா வந்துருக்கு சித்தப்பா."

அன்று ரத்தினவேல் வீட்டில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கு மறுநாள் சிவனாண்டி தனியாக வந்தார். வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வாசலிலேயே நின்றார்.

"என்னண்ணே?" என்றாள் பேச்சி.

"நேத்து திரும்பி வர்றப்ப அவ விழுந்துட்டா தாயி. வீரபாண்டிப் பாலத்துக்கு முன்னாடி வேகத்தடையில. மெதுவாத்தேன் ஏத்தி எறக்குனேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். ரோட்டுல ஒக்காந்துருக்கா."

"அடி?"

"முட்டியில செராய்ப்பு. பின்னாடி வந்த லாரிக்காரரு பிரேக் போட்டாரு. இல்லேன்னா..."

சிவனாண்டி ரத்தினவேலைப் பார்த்துச் சொன்னார்.

"வேலையில குத்தம் சொல்ல வரலீங்கய்யா. புதுச் சீட்டு வழுக்குதுன்னு நெனைக்கிறேன். பழசையே மாட்டிக் குடுத்துருங்க. அதச் சொல்லியாவது அவளக் கூப்பிட்டுப் பாக்குறேன். இனிமே ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேங்குறா. ரோட்டுல சாகுறதுக்கு வீட்டுலயே சாகுறேங்குறா."

"பஸ்ஸுல போலாம்ல?" என்றாள் பேச்சி.

"போய்ப் பாத்தோம். வர்றப்ப ரெண்டு தடவ மயங்கிட்டா. வாராவாரம் காரு பிடிக்க நம்மளால ஆகாது."

"போகாம இருந்தா?"

சிவனாண்டி தரையைப் பார்த்தார். "பத்து நாளு தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க."

அவர் வண்டியை விட்டுவிட்டுப் போனார். ரத்தினவேல் டேப்பை எடுத்து எல்லாவற்றையும் திரும்ப அளந்தார். ரசமட்டம் வைத்தார். ஈரத் துணியைச் சீட்டில் போட்டு இழுத்து, வழுக்குகிறதா என்று பார்த்தார். வழுக்கவில்லை.

"அளவு தப்பில்ல வாத்தியாரம்மா. மட்டம் தப்பில்ல. அந்தம்மாதேன் சரியாப் பிடிக்கல."

"அப்படியா?"

"பின்ன? பிடி கைக்கு எட்டுற எடத்துலதான இருக்கு? அவுகளே ஒக்காந்து பாத்துச் சொன்னாகளே. அப்ப எதுதேன் தப்புன்னு நீங்க சொல்லுங்க."

மத்தியானம் ரத்தினவேல் கொண்டுவந்த சோற்றுத் தூக்கு திறக்காமலே இருந்தது. பேச்சி அதைப் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, அந்த வண்டியையே ஓட்டிக்கொண்டு சிவனாண்டி வீட்டுக்குப் போனாள். வேலுத்தாய் சுவரோரம் படுத்திருந்தார்.

"வெள்ளிக்கெழம ஒரு தடவ போயிட்டு வாங்கக்கா. நாங்களும் பின்னாடியே வர்றோம்."

"வேணாம் தாயி. போதும். இவரையும் தோட்ட வேலைய விட்டுட்டு அலைய வச்சு என்னத்தக் கண்டேன்?"

பேச்சி வற்புறுத்தவில்லை. எழுந்திருக்கும்போது சொன்னாள்:

"எங்க சித்தப்பா இன்னிக்கு மத்தியானம் சோத்துத் தூக்கத் தொறக்கவே இல்ல."

"எந்தச் சித்தப்பா?"

"உங்க சீட்டத் தச்சவரு."

வேலுத்தாய் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"அவரு என்ன செய்வாரு பாவம். அம்புட்டு அழகாத் தச்சுக் குடுத்தாரு" என்றார். பிறகு, "வர்றேன்னு சொல்லு. அவருக்காக ஒரே ஒரு தடவ" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் சிவனாண்டியின் வண்டி முன்னே போயிற்று. பேச்சி தன் வண்டியில் ரத்தினவேலை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனாள். வேலுத்தாய் பிடியைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே உட்கார்ந்திருந்தார். வழியில் தெரிந்தவர் யாரையோ பார்த்துத் தலையசைத்தார். வீரபாண்டி வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. அவர் அசையவே இல்லை.

"பாத்தீகளா?" என்றார் ரத்தினவேல். குரலில் சந்தோஷம். "எங்க வழுக்குது?"

பேச்சி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் வேலுத்தாயை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். சிவனாண்டியும் கூடப் போனார்.

"அதேன் பாத்துட்டோம்ல. கெளம்புவோமா?" என்றார் ரத்தினவேல்.

"இருங்க சித்தப்பா."

வாசலில் வேப்பமரத்தடியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறியது. எதிரே ஓட்டலில் புரோட்டா தட்டும் சத்தம் கேட்டது.

"ஒரு வாய் சாப்பிட்டு வந்துருவோமா?"

"வேணாம் சித்தப்பா."

ரத்தினவேலுக்கு நல்ல பசி. இருந்தாலும் குரு சாப்பிடாதபோது சீடன் எப்படிச் சாப்பிடுவது என்று பேசாமல் இருந்துவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் அவர்கள் வெளியே வந்தார்கள். ரத்தினவேல் முதலில் வேறு யாரோ என்று நினைத்தார். காலையில் தலையசைத்துக்கொண்டு வந்த பெண் இல்லை இது. முகத்தில் ரத்தமே இல்லை. உதடு வெடித்திருந்தது. இடது கையில் பெரிய கட்டு. அந்தக் கையை வலது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து வந்தார்.

சிவனாண்டி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். வேலுத்தாய் ஏறி உட்கார்ந்தார். இடது கை பழக்கத்தில் பின்னால் போயிற்று. ரப்பர் சுற்றிய பிடியைத் தொட்டதும் வெடுக்கென்று திரும்பி மடிக்கு வந்துவிட்டது. முன்னால் இருந்த சிவனாண்டிக்கு அது தெரியவில்லை. ரத்தினவேலுக்குத் தெரிந்தது.

அவர் எழுந்து போனார்.

"தாயி, அந்தக் கை..."

"ஊசி குத்துற கைங்கய்யா. குத்துன அன்னிக்கு இறுக்கிப் பிடிச்சா ரத்தம் கசிஞ்சுரும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவருக்குக் கேக்க வேணாம். விழுந்த அன்னிக்குப் பிடிச்சுக்கிட்டுத்தேன் வந்தேன். சேலையெல்லாம் நனஞ்சுபோச்சு. அதேன் விட்டுட்டேன்."

"ஏந்தாயி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க அளவெடுத்த அன்னிக்குக் கை நல்லாத்தான இருந்துச்சு? அதுவும் போக, அம்புட்டுப் பதனமா ரப்பர் சுத்திக் குடுத்துருந்தீங்க. எப்படிக் கொற சொல்றது?"

பழக்க தோஷத்தில் ரத்தினவேலின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. டேப்பை எடுத்தார். பேச்சி அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அவள் ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டுக் கணவன் மனைவி இருவரையும் அதில் ஏற்றி அனுப்பினாள். தன் வண்டியை ஆஸ்பத்திரி ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டாள். சிவனாண்டியின் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"துண்டக் குடுங்க சித்தப்பா."

அந்தத் துண்டால் அவருடைய இடது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள்.

"ஏறுங்க. ரெண்டு காலையும் இந்தப் பக்கமாப் போட்டு."

"பொம்பளையாளு மாதிரியா?"

"ஆமா."

"ஊரு வரைக்குமா?"

"ஊரு வரைக்கும்."

ஐம்பத்தொன்பது வயது ரத்தினவேல் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்தார். தேனியைத் தாண்டுவதற்குள்ளேயே எதிரே ஒரு பஸ் வந்தது. டிப்போவில் அவரோடு வேலை பார்த்த டிரைவர். அவரைப் பார்த்துவிட்டு, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனார். ரத்தினவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் வேகத்தடையில் அவர் பாதி வழுக்கிவிட்டார். வலது கையால் பேச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதில் பின்னால் சரிந்தார். முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. காலையிலிருந்து சாப்பிடாத வயிறு. வெயில் வேறு. வீரபாண்டி வந்தபோது யார் பார்க்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. சாய ஏதாவது கிடைக்காதா என்று மட்டும்தான் இருந்தது. கட்டியிருந்த கை இரண்டு மூன்று தடவை துண்டுக்குள்ளேயே அந்தப் பிடியைத் தேடித் துடித்தது.

அந்தப் பெண் இதை வாரத்துக்கு இரண்டு தடவை, ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்த உடம்போடு செய்திருக்கிறாள். புருஷனுக்குத் தெரியாமல் செய்திருக்கிறாள்.

கடை வாசலில் வண்டி நின்ற பிறகும் அவர் இறங்கவில்லை. பேச்சி கட்டை அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

"அந்தம்மா சரியாப் பிடிக்கலேன்னு சொன்னேன் வாத்தியாரம்மா" என்றார்.

"நானும் ஒக்காந்து பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னேன் சித்தப்பா. ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு."

எதிர்க்கடையில் இருவரும் நின்றபடியே இட்லி சாப்பிட்டார்கள்.

மறுநாள் ரத்தினவேல் வேலுத்தாய் வீட்டுக்குத் தானே போனார்.

"செவ்வாக்கெழம வரணும் தாயி. இன்னும் உங்களுக்கு அளவெடுக்கல."

"அதேன் அன்னிக்கு எடுத்தீங்களே?"

"அது வேற ஆளுக்கு எடுத்தது."

வேலுத்தாய் சரி என்று தலையாட்டினார்.

அடுத்த இரண்டு நாளும் ரத்தினவேல் கடையை விட்டு நகரவில்லை. ரப்பர் சுற்றிய பிடியை முதலில் கழற்றினார். பெற்ற பிள்ளையைப் படிக்க ஹாஸ்டலுக்கு அனுப்புகிறவர் மாதிரி அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, பழைய சாமான் பெட்டியில் போட்டார். உட்காருகிறவரின் முதுகுக்குப் பின்னால் மெத்தை வைத்த சாய்மானம் ஒன்று செய்தார். அது இடது தோள் பக்கமாக வளைந்து வந்து தலையையும் தாங்கிக்கொள்ளும். புதுப் பிடியை வலது கைப் பக்கம் வைத்தார். கால் பலகையின் விளிம்பை உயர்த்தினார். இடுப்புக்கு அகலமான துணிப் பட்டை ஒன்று தைத்தார். பேச்சி வெல்டிங்குக்கு மட்டும் கை கொடுத்தாள்.

பார்க்க லட்சணமாக இல்லை. சிவனாண்டி வந்து பார்த்துவிட்டு மோவாயைச் சொறிந்தார்.

"பஞ்சாயத்து ஆபீஸ் நாற்காலியத் தூக்கி வண்டியில வச்ச மாதிரி இருக்கே."

"இன்னும் முடியல" என்றார் ரத்தினவேல்.

செவ்வாய்க்கிழமை அவர் ஸ்பேனர் பையோடு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார். வேலுத்தாய் கட்டுப் போட்ட கையோடு வெளியே வந்தார். வண்டியில் ஏறியவர், எதிரே ரத்தினவேல் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சிரமப்பட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நிமிராதீங்க தாயி. எனக்காக ஒக்கார வேணாம். ஒடம்பு எங்கிட்டுச் சாயுதோ அங்கிட்டே விட்டுருங்க."

வேலுத்தாய் சரிந்தார். தலை சாய்மானத்துக்கு மேலே நின்றது. ரத்தினவேல் தரையில் முட்டி போட்டு, போல்ட்டைத் தளர்த்தி, சாய்மானத்தை உயர்த்தினார். இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். தலை அதில் பதிந்தது. முடுக்கினார். டேப் பேச்சியின் பையிலேயே இருந்தது. அவர் கேட்கவும் இல்லை.

சிவனாண்டி மெதுவாக வண்டியை எடுத்தார். பேச்சியும் ரத்தினவேலும் பின்னாலேயே போனார்கள். வீரபாண்டி வேகத்தடை வந்தது. ரத்தினவேல் பேச்சியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். முன்னால் போன வண்டி ஏறியது, இறங்கியது. வேலுத்தாயின் உடம்பு சாய்மானத்தோடு சேர்ந்து ஆடி நின்றது. அவர் விழவில்லை.

சீலையம்பட்டி தாண்டியதும் சிவனாண்டி திடீரென்று வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார். இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, திரும்பாமலே கையை ஆட்டிக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"பேச்சுக் குடுத்தேன், பதிலே இல்ல. கை பிடியிலருந்து நழுவிருச்சு. எனக்குத் திரும்பிப் பாக்கப் பயமா இருக்கு. நீங்க பாருங்க."

ரத்தினவேல் ஓடிப்போய்ப் பார்த்தார். வேலுத்தாயின் தலை தோள் மெத்தையில் கிடந்தது. கட்டுப் போட்ட கை மடியில் மலர்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

"தூங்குறாக" என்றார் மெதுவாக.

"தூங்குறாளா?" சிவனாண்டிக்குக் குரல் உடைந்தது. "வியாதி வந்ததுலருந்து ராத்திரியிலகூட ஒழுங்காத் தூங்குனதில்லையே."

அவர் அசையவில்லை. வண்டியைத் தொடையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணீரைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். ஒரு லாரி கடந்து போயிற்று. வேலுத்தாய் விழிக்கவில்லை.

பேச்சி தன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தாள். ரத்தினவேல் கையில் ஸ்பேனரோடு தவித்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரம்மா, இப்பச் சரியா இருக்கா, எங்கயாவது உறுத்துதான்னு கேட்டாத்தான நமக்குத் தெரியும்? ஒரு நிமிஷம் எழுப்பிக் கேட்டுரட்டா?"

பேச்சி அவர் கையிலிருந்த ஸ்பேனரைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

"பதில் சொல்லிக்கிட்டு இருக்காக. குறுக்க பேசாதீங்க சித்தப்பா."